பழைய மஸ்டாங்குக்குப் பலமான பின் ஆக்சில்: பிரேக்கை விட்டுவிட்டு எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் கடந்த ஞாயிறு வாகனப் பக்கத்தில், 1960-களில் வந்த ஃபோர்டு மஸ்டாங் காரின் பின் ஆக்சிலைக் கழற்றிவிட்டு, அதே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வண்டியிலிருந்து எடுத்த 8.8 அங்குல லிமிடெட் ஸ்லிப் ஆக்சிலை, அதாவது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் இழுவிசையை அனுப்பும் ஆக்சிலை, பொருத்துவது குறித்து வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கிரவுன், பினியன், ஹவுசிங் என்று பட்டறையில் புழங்கும் சொற்களைக் கொண்டே ஓர் இயந்திர வேலையைத் தமிழில் இவ்வளவு தெளிவாக விளக்கியிருந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆயினும், இந்த வேலையை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்றும், எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலோடு டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்துவிடுவது கூடுதல் லாபம் என்றும் கட்டுரை சொல்லிச் செல்கிறது. முதலாவதை நம்பினால் நாட்கள்தான் வீணாகும். இரண்டாவதை அப்படியே நம்பினால் அது உயிருக்கே உலை வைத்துவிடும். மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் நான் இதே வேலையை என் சொந்தக் காரில் செய்து, இதே இடத்தில் அடிபட்டவன் என்பதால், சற்று விரிவாகவே எழுத அனுமதி கோருகிறேன்.

என் கார் 1966-ஆம் ஆண்டு வண்டி. அதன் அடையாள எண் 6 என்ற இலக்கத்தில் தொடங்குகிறது. அடுத்து எஃப், 07, சி என்று வரும். 66-ஆம் ஆண்டு, டியர்பார்ன் தொழிற்சாலை, கூரை மடங்காத இரண்டு கதவு வண்டி, 289 கன அங்குல வி8 இன்ஜின் என்பது இவற்றின் பொருள். கதவுத் தகட்டில் ஆக்சிலுக்கான கட்டத்தில் 6 என்று பொறித்திருந்தது. அந்தக் காலத்து ஃபோர்டு வழக்கப்படி அந்தக் கட்டத்தில் எண் இருந்தால் சாதாரண டிஃபரென்ஷியல் (இன்ஜினின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுப்பு), ஆங்கில எழுத்து இருந்தால் லிமிடெட் ஸ்லிப்; எனக்கு வாய்த்தது 2.80 விகிதம் கொண்ட சாதாரண 8 அங்குல ஆக்சில்; அதாவது, கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 2.80 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். பழைய இன்ஜின் தேய்ந்து எண்ணெய் குடிக்க ஆரம்பித்ததும், 1980-களின் இறுதியில் மஸ்டாங்கில் வந்த 5.0 லிட்டர் இன்ஜினை அதில் இறக்கினேன். பழையது 200 குதிரைத்திறன், புதியது 225 என்று தாளில் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் அமெரிக்க நிறுவனங்கள் 1970-களின் தொடக்கம் வரை, ஏர் ஃபில்டர், சைலன்சர், டைனமோ போன்றவற்றைக் கணக்கில் எடுக்காமல் வெறும் இன்ஜினை அளந்து எண்ணைச் சொல்லி வந்தன. பிந்தைய எண்கள் எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் அளந்தவை. ஆகவே உண்மையான இடைவெளி 25 அல்ல, அதைவிட வெகு அதிகம். அந்த இடைவெளி முழுவதும் பின் ஆக்சிலின் தலையில்தான் போய் விழுந்தது.

அதன் விளைவு சாலையிலேயே எழுதியிருந்தது. சிக்னலில் இருந்து சற்று அழுத்திக் கிளம்பினால் தார்ச்சாலையில் ஒரே ஒரு கறுப்புக் கோடு விழும். அதுவும் எப்போதும் வலது சக்கரத்தின் கோடு. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சம அளவு முறுக்குவிசையையே கொடுக்கும். ஒரு சக்கரம் பிடிமானம் இழந்தால், அது தாங்கக்கூடிய சொற்ப அளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் முறுக்கும்போது ஆக்சில் மொத்தமும் எதிர்வினையாகச் சாய்ந்து வலது சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கிறது. அதனால்தான் வலது பக்கம் முதலில் வழுக்குகிறது. அப்படி ஒரு சக்கரம் மட்டும் வெறியோடு சுழலும்போது உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்கள் தம் அச்சின் மேல் வழக்கத்துக்கு மீறிய வேகத்தில் சுற்றி, எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் உரசிக்கொள்கின்றன. என் வண்டியைத் திறந்து பார்த்தபோது அந்த அச்சு நீலம் பாரித்து, விரல் நகம் மாட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. மாற்றுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எதைக் கொண்டு மாற்றுவது என்பதில் தங்கள் கட்டுரை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அன்றைய மஸ்டாங்குகளில் ஆறு சிலிண்டர் வண்டிக்கு 7.25 அங்குல ஆக்சிலையும், பெரும்பாலான வி8 வண்டிகளுக்கு 8 அங்குல ஆக்சிலையும் கொடுத்த ஃபோர்டு, 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் 289 இன்ஜினுக்கு மட்டும் 9 அங்குல ஆக்சிலைக் கொடுத்தது. இந்த அங்குலங்கள், ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டத்தைக் குறிப்பவை. 9 அங்குல ஆக்சிலில், கிரவுன் வீலைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் முனையிலும் ஒரு பேரிங் இருப்பதால் அது எளிதில் வளைந்துகொடுக்காது. பந்தயக்காரர்கள் இன்றும் அதை விரும்புவதற்குக் காரணம் அதுவே. ஆனால் அதன் பினியன் கிரவுன் வீலின் மையத்துக்கு வெகு கீழே அமைந்திருப்பதால் பற்களுக்கிடையே வழுக்கும் உராய்வு கூடி, கொஞ்சம் சக்தியை விழுங்கிவிடுகிறது. மேலும், பழைய மஸ்டாங்குக்கு அளவான 9 அங்குல ஆக்சில் இன்று காயலான் கடையில் கிடைக்கும் பொருளாக இல்லை. 8.8 அங்குலம் இந்த இரண்டு குறையும் இல்லாத நடுவழி. எக்ஸ்ப்ளோரரில் வந்த 8.8-இல் ஆக்சில் ஷாஃப்டுக்கு 31 ஸ்பிளைன், அதாவது முனையில் வெட்டிய நீளவாட்டுப் பற்கள். என் பழைய 8 அங்குலத்தில் 28. விட்டத்தில் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வேறுபாடு என்றாலும், முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், அந்த 3 மில்லிமீட்டர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பலத்தைத் தருகிறது. சக்கரத்தின் ஐந்து போல்ட் அமைப்பும், நாலரை அங்குல வட்டமும் பழைய வி8 மஸ்டாங்கோடு அப்படியே பொருந்துகின்றன.

காயலான் கடைக்குப் போகும் வாசகர்களுக்காக, கட்டுரையில் விடுபட்ட சில நுணுக்கங்களைச் சேர்க்க விரும்புகிறேன். ஆக்சிலின் பின்மூடியின் போல்ட்டில் ஒரு சிறு தகரத் துண்டு தொங்கும். துருவைக் கம்பிப் பிரஷால் தேய்த்துவிட்டுப் பார்த்தால் அதில் விகிதம் பொறித்திருப்பது தெரியும். 3-க்கும் 73-க்கும் இடையில் புள்ளிக்குப் பதிலாக எல் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது 3.73 விகிதம் கொண்ட லிமிடெட் ஸ்லிப். வெறும் இடைவெளியோ புள்ளியோ இருந்தால் சாதாரணம். தகடு உதிர்ந்துபோயிருந்தால், இரண்டு சக்கரங்களும் தரையிலிருந்து எழும்பிய நிலையில் ஒன்றைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். மற்றதும் அதே திசையில் சுழன்றால் லிமிடெட் ஸ்லிப், எதிர்த்திசையில் சுழன்றால் சாதாரணம். ஆனால் லிமிடெட் ஸ்லிப் என்று தெரிவது மட்டும் போதாது. ஃபோர்டின் இந்த அமைப்பு, வரிசையாக அடுக்கிய உராய்வுத் தகடுகளையும், அவற்றை இரு பக்கமும் நெருக்கித் தள்ளும் எஸ் வடிவ ஸ்பிரிங்கையும் நம்பியிருக்கிறது. ஒன்றரை லட்சம் மைல் ஓடிய வண்டியில் அந்தத் தகடுகள் பெயருக்குத்தான் இருக்கும். ஒரு சக்கரம் தரையிலும், மற்றது தூக்கிய நிலையிலும், கியர் நியூட்ரலிலும் இருக்கும்போது, தூக்கிய சக்கரத்தை டார்க் ரெஞ்சால் திருப்பிப் பார்த்தால் குறைந்தது 20 அடி-பவுண்டு, அதாவது 27 நியூட்டன் மீட்டர் எதிர்ப்பாவது இருக்க வேண்டும். நான் வாங்கியதில் அதில் பாதிகூட இல்லை. தகடுகளைப் புதிதாகப் போட்ட பிறகே பொருத்தினேன்.

எக்ஸ்ப்ளோரர் ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று சில வாசகர்கள் வியக்கலாம். 2009-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு, எரிபொருளை அதிகம் குடிக்கும் பழைய வண்டிகளை ஒப்படைத்தால் புதிய வண்டி வாங்கப் பணம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது ஒப்படைக்கப்பட்ட ஏறத்தாழ 6,77,000 வண்டிகளில் முதலிடம் பிடித்தவை எக்ஸ்ப்ளோரர்கள்தான். இப்போது அவையும் அருகி வருகின்றன; ஆகவே நல்ல ஆக்சில் கண்ணில் பட்டால் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் 1995 மாடலோ அதற்குப் பிந்தையதோ பார்த்து எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய எக்ஸ்ப்ளோரர்களில் பின்னால் டிரம்தான்.

இனி, ஒரு வார இறுதியில் ஏன் முடியாது என்பதற்கு வருகிறேன். எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலின் அகலம் சுமார் 59½ அங்குலம். 1966 மஸ்டாங்குக்கு வேண்டியது சுமார் 57¼. அப்படியே மாட்டினால் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும். போதாததற்கு, எக்ஸ்ப்ளோரரின் பினியன் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் சுமார் 2 அங்குலம் ஒதுங்கியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து, இடப்பக்கத்து நீளக் குழாயில் ஏறத்தாழ 3 அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டு, இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் வலப்பக்கக் குட்டை ஷாஃப்டை அங்கே போடுவது. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலையில் எஃகுக் குழாயை மீண்டும் பற்றவைக்கும்போது சூடு ஒரு பக்கமாக ஏறினால் குழாய் வாழைப்பழம் போல வளைந்துவிடும். வளைந்தது கண்ணுக்குத் தெரியாது. ஆறே மாதத்தில் சக்கர பேரிங்கும் சீலும் சொல்லும். ஆக்சிலின் கூடான ஹவுசிங்கின் இரண்டு முனைகளையும் ஊடுருவிச் செல்லும் நேரான இரும்புத் தண்டு ஒன்றை வைத்து, ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாறி மாறிப் பற்றவைத்து, இடையிடையே ஆறவிட்டு, தண்டு தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். அந்தத் தண்டை வைத்திருக்கும் பட்டறைக்கு வேலையைக் கொடுத்துவிடுவதே நல்லது. வீட்டு வெல்டிங் இயந்திரத்தை நம்பி இதில் இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஸ்பிரிங் சீட்டுகளை வெட்டிவிட்டு, மஸ்டாங்கின் பட்டை ஸ்பிரிங்குகள் அமர்வதற்கேற்ற புதிய சீட்டுகளை 43 அங்குல இடைவெளியில் பற்றவைக்கும் கட்டத்தில் நானே ஒரு தவறு செய்தேன். சீட்டின் கோணம்தான் பினியன் எவ்வளவு மேல்நோக்கி அல்லது கீழ்நோக்கிப் பார்க்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்குகள் பாரமின்றித் தொங்கிக்கொண்டிருந்த நிலையில் கோணமானியை வைத்து அளந்து, அதை நம்பி முழுவதுமாகப் பற்றவைத்துவிட்டேன். கார் தரையில் இறங்கி, தன் எடை ஸ்பிரிங்குகளை அழுத்தியதும் கோணம் முழுவதும் மாறிப்போனது. மணிக்கு 55 மைல் வரை ஒன்றும் தெரியாது. 60-ஐத் தொட்டால் இருக்கையின் அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பி, பின்னோக்கிக் காட்டும் கண்ணாடியில் தெரியும் வண்டிகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும் அளவுக்கு நடுக்கம் வரும். மூன்று வாரத்தில், புரொப்பெல்லர் ஷாஃப்டின் வளைந்துகொடுக்கும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட்டின் ஒரு கிராஸ் (சிலுவை வடிவத் துண்டு) தேய்ந்து, அதன் ஊசி பேரிங்குகள் துருப்பொடியாக உதிர்ந்தன. காரின் முழு எடையும் சக்கரங்களின் மேல் இருக்கும்போது, சீட்டுகளைப் பொட்டு வெல்டிங்கில் மட்டும் நிறுத்தி அளக்க வேண்டும். கியர்பாக்ஸின் கோட்டுக்கு இணையாக இருப்பதைவிட பினியன் ஓரிரு டிகிரி கீழ்நோக்கி இருப்பது நல்லது. ஏனென்றால் அழுத்திக் கிளம்பும்போது பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கை மேலே தூக்கும். சரிபார்த்த பிறகே முழு வெல்டிங். புரொப்பெல்லர் ஷாஃப்டைப் புதிய நீளத்துக்கு வெட்டி பேலன்ஸ் செய்வதும், எக்ஸ்ப்ளோரரின் வட்டத் தகட்டு இணைப்புக்கு ஏற்ற முனையைப் போடுவதும் இதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

இப்போது பிரேக். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே இதுதான்.

என் காரில் முன்னால் 10 அங்குல டிரம் பிரேக். பின் ஆக்சிலைப் பொருத்திய பட்டறைக்காரர், பின்னால் டிஸ்க் வந்துவிட்டதால் பிரேக் முன்னைவிட நன்றாகவே இருக்கும் என்று உறுதி சொல்லி, பெடலை மிதிக்கும்போது பிரேக் திரவத்தை அழுத்தி அனுப்பும் பழைய மாஸ்டர் சிலிண்டரோடு பைப்பை இணைத்துக் கொடுத்தார். காய்ந்த சாலையில் ஓட்டியபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்டோபர் மாதத்து மழை நாள் ஒன்றில், இலைகள் உதிர்ந்து கிடந்த ஒரு குடியிருப்புத் தெருவில், மணிக்கு 30 மைல் வேகத்தில்கூட இல்லை, தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்து நிறுத்தக் குறியீட்டுக்காகப் பிரேக்கை மிதித்தேன். முன்புறம் ஏதோ பஞ்சை மிதித்தது போல் இருந்தது. அடுத்த கணம் பின்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டு, காரின் வால் இடப்பக்கமாக வந்து முன்னே போனது. கார் குறுக்காக நின்றபோது என் கதவுக்கு நேரே, நடைபாதையில், மழைக்கோட்டு அணிந்த ஒரு சிறுமியும் அவளுடைய தாயும் நின்றிருந்தார்கள். எங்களுக்கிடையே இருந்த தூரம் ஒரு காரின் நீளம்கூட இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் இறங்கி மன்னிப்புக் கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நடந்தது என்ன என்பதைப் பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் லைனிங் காய்கிற வரை பிடிமானம் போய்விடும். டிஸ்க்கில் இருந்து தண்ணீர் உடனே உதறப்பட்டுவிடும். ஆகவே மழையில் என் காரின் முன்பக்கம் பிரேக் இல்லாமலும் பின்பக்கம் முழு பிரேக்கோடும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும், மஸ்டாங்கைவிடக் கனமான, பின்னால் குடும்பத்தையும் சுமைகளையும் ஏற்றிச் செல்லும் வண்டிக்காகச் செய்த பிரேக். எந்தக் காரானாலும் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாய்ந்து பின்சக்கரங்கள் இலேசாகிவிடும். முன்சக்கரம் முதலில் பூட்டினால் கார் நேராக வழுக்கும். ஸ்டியரிங் கேட்காது, ஆனால் கார் தன் முகம் பார்த்த திசையிலேயே போகும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழலும். வாகன வடிவமைப்பாளர்கள் எல்லோரும் முன்பக்கம் முதலில் பூட்டும்படி அமைப்பதற்குக் காரணம் இதுவே. பின்னால் மட்டும் டிஸ்க்கைப் போட்டு, முன்னால் டிரம்மை விட்டுவைப்பது அந்த அமைப்பைத் தலைகீழாக்குகிறது. கட்டுரை லாபம் என்று குறிப்பிட்டது இதைத்தான் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதோடு முடியவில்லை. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாயில், பைப்பில் எப்போதும் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ஒரு சிறு வால்வு இருக்கிறது. டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அந்த அழுத்தமே போதும், பேடு டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்க. என் காரின் பின்சக்கரத்தில் இருபது மைல் ஓட்டத்துக்குப் பிறகு கை வைக்க முடியாத சூடு இருந்ததற்கும், மூக்கில் ஏறிய அந்தத் தீய்ந்த வாசனைக்கும் காரணம் அதுதான். இன்னும் முக்கியமானது, 1966 மஸ்டாங்கில் இருப்பது ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். நான்கு சக்கரத்தில் எந்த ஒன்றில் பைப் வெடித்தாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும், வண்டி நிற்காது. 1967 மாடலில் இருந்துதான் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனி அறை வந்தது. பைப்புகளை எப்படியும் அவிழ்க்கப் போகிற வேலை இது என்பதால், இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

நான் பிறகு செய்தது இது: முன்சக்கரங்களுக்கு டிஸ்க், முன், பின் டிஸ்க்குகளுக்கு ஏற்ற இரட்டை மாஸ்டர் சிலிண்டர், பின்பக்கம் போகும் பைப்பில் அழுத்தத்தைக் கையால் திருகிக் குறைக்கக்கூடிய வால்வு. பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உரிமையாளரின் அனுமதி பெற்று, ஆளரவமற்ற கிடங்கு ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் நண்பர் ஒருவரை வெளியே நிறுத்திவைத்து, குறைந்த வேகத்தில் திரும்பத் திரும்பப் பிரேக் பிடித்தோம். எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று அவர் கையைக் காட்டுவார். பின்சக்கரம் என்றால் வால்வைத் திருகிக் குறைப்பேன். காய்ந்த தரையில் சரியான பிறகு, தண்ணீர் ஊற்றி நனைத்த தரையிலும் அதையே செய்தோம். பதினொரு முறை திருகிய பிறகு, இரண்டு தரையிலும் முன்சக்கரம் முதலில் நின்றது. எக்ஸ்ப்ளோரரின் பின் டிஸ்க்குக்குள் ஹேண்ட் பிரேக்குக்காக ஒரு சிறு டிரம் இருக்கிறது. அதற்கு மஸ்டாங்கின் கேபிளை அளவெடுத்து மாற்றும் வேலையும் ஒரு நாளை எடுத்துக்கொண்டது. ஆக்சிலுக்குச் செலவழித்ததைவிடப் பிரேக்குக்கு அதிகம் செலவழித்தேன். இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டால் வாசகர் தம் பணத்தை அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்வார்.

மிச்சிகனில் வண்டிகளுக்குக் காலமுறைத் தகுதிச் சோதனை கிடையாது. என் கார் அந்த நிலையில் எத்தனை ஆண்டுகள் ஓடியிருந்தாலும் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது.

ஸ்பீடோமீட்டரையும் கவனிக்க வேண்டும். அது கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் ஆக்சில் மாறியது அதற்குத் தெரியாது. 2.80-இலிருந்து 3.73-க்கு மாறினால், உண்மையில் 60 மைலில் போகும்போது முள் 80-ஐக் காட்டும். கியர்பாக்ஸில் உள்ள சிறு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகும். நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்துக்கு முன்பு நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று சுற்றிய இன்ஜின் இப்போது ஏறத்தாழ 3,200 சுற்றும். நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர் டிரைவ் கியர் இல்லாத மூன்று கியர் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் நீண்ட பயணம் போவதாக இருந்தால் 3.27 அல்லது 3.55 விகிதத்தைத் தேடுவது காதுக்கும் பெட்ரோலுக்கும் நல்லது.

லிமிடெட் ஸ்லிப் என்றால் மழையிலும் பனியிலும் கார் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் கட்டுரையில் தொனிக்கிறது. கிளம்புவதற்கு அது உதவும் என்பது உண்மை. ஆனால் சாதாரண ஆக்சிலில் ஒரு சக்கரம் வழுக்கும்போது மற்றது உருண்டுகொண்டே காரின் வாலைப் பிடித்து வைத்திருக்கும். லிமிடெட் ஸ்லிப்பில் இரண்டும் சேர்ந்து வழுக்கினால் பிடித்து வைக்க எதுவும் இல்லை, சாலையின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வால் இறங்கும். மிச்சிகன் பனியில் இதைக் கால் கட்டைவிரலின் நுனியில் உணர்ந்திருக்கிறேன். இன்னொரு எச்சரிக்கை பட்டறைக்காரர்களுக்கு: ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு இன்ஜினை ஓட்டிக் கியரில் போடக் கூடாது, தரையில் உள்ள சக்கரம் இழுத்து, கார் ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும். கிரவுன் ஆயிலோடு உராய்வைச் சீராக்கும் தனித் திரவத்தையும் ஊற்ற வேண்டும் என்பதைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருந்தது. அதை ஊற்றாவிட்டால் வாகன நிறுத்துமிடத்தில் வளைத்துத் திருப்பும்போதெல்லாம் பின்னாலிருந்து கடகடவென்று ஓசை வரும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, இந்த வேலை பலருக்குத் தேவையே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்ஜின் பழைய 289-ஆகவே இருந்து, இரண்டு சக்கரமும் இழுத்தால் போதும் என்று நினைப்பவர்கள், தங்கள் 8 அங்குல ஆக்சிலையே வைத்துக்கொண்டு, அதன் முன்பக்கம் போல்ட்டால் பொருத்தப்பட்ட நடுப்பகுதியை இறக்கி, 28 ஸ்பிளைனுக்கு ஏற்ற லிமிடெட் ஸ்லிப்பை அதற்குள் போட்டுக்கொள்ளலாம். வெட்டு இல்லை, வெல்டிங் இல்லை, பிரேக்கைத் தொட வேண்டியதில்லை, காரின் அசல் தன்மையும் கெடாது. என் இன்ஜின் மாறாமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

தமிழ்நாட்டில் பழைய கார்களை வைத்திருக்கும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் வண்டிக்கும் இப்படி ஏதேனும் செய்யலாம் என்று கருதினால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021-இல் வந்த விதிகளும் வண்டி அசல் வடிவில் இருப்பதையே எதிர்பார்க்கின்றன.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். வரும் ஞாயிறு இதழில், முன்சக்கரங்களில் டிரம் பிரேக் இருக்கும் காரில் எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலை டிஸ்க்கோடு பொருத்தக் கூடாது என்ற திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். இரண்டாவது, கட்டுரையோடு வெளியான நீல நிறக் காரின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்; முன்சக்கரத்தின் இடைவெளிகளுக்குள் தெரிவது டிரம்தான் என்று நினைக்கிறேன். அதன் உரிமையாளரின் தொடர்பு தங்கள் அலுவலகத்தில் இருக்கும். என் கணிப்பு தவறாக இருந்தால் மகிழ்ச்சியே. சரியாக இருந்தால், அடுத்த மழைக்குள் இந்தக் கடிதம் அவர் கையில் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
டெட்ராய்ட் அருகிலிருந்து ஒரு வாசகர்